எட்டு

ட்ரோம்சோவில் சூரியன் வராத ஆறாவது வாரம்.
பிற்பகல் இரண்டுக்கே நட்சத்திரம்.
மேசையில் கடைக்காரன் தந்த விலைத்தாள்.
ஐலிஃப் பேனாவால் வட்டமிட்டது
பதினாறு கோர் பிராசஸர்.
நான் வட்டமிடாமல் விரலை மட்டும் வைத்திருப்பது
எட்டே கோர்,
ஆனால் அதன்மேல் அடுக்கிய கேஷ்
தொண்ணூற்றாறு மெகாபைட்.

"ஆள் கூடினால் வேலை முடியும்."
மீன்படகில் வளர்ந்தவன், அப்படித்தான் சொல்வான்.
அடுப்பைச் சுற்றிப் பதினாறு பேர் நின்றாலும்
விறகு கொட்டகையில் கிடந்தால்
பதினாறு பேருக்கும் குளிர்தானே என்றேன்.
அவன் காப்பியைக் கலக்கினான்.

என் வேலை எதிர்மலை.
இரண்டு மீட்டருக்கு ஒரு கட்டம்,
பக்கத்துக்கு இரண்டாயிரத்து நானூறு,
ஒவ்வொன்றிலும் பனியின் கனம் ஓர் எண்.
எந்தச் சரிவு எப்போது பெயரும்,
பெயர்ந்தால்
ரன்வெய்க்கின் ஆட்டுக்கொட்டில்வரை வருமா?
ஒரு புயலை ஓட்டிப் பார்க்க
ஐம்பத்திரண்டு நிமிடம்.
அளந்து பார்த்தேன்.
நூறு துடிப்பில் எழுபது
எண் வரட்டும் என்று சும்மா நிற்கிறது
இந்தப் பழைய சிப்.
கணக்குப் போடத் தெரியாமல் இல்லை.
கைக்கு எட்டவில்லை.

அன்று ரன்வெய்க் அழைத்தாள்.
"இரவு காற்று திரும்புமாம்.
ஆடுகளை மாற்றவா, வேண்டாமா?
சீக்கிரம் சொல், முழங்கால் வலிக்கிறது."

அடுப்பு அணையப் பார்த்தது.
கொட்டகைக்கு நடந்தேன், முற்றத்தில் இடுப்பளவு பனி.
யாரும் ஒற்றை விறகுக்காக அவ்வளவு தூரம் நடப்பதில்லை.
கட்டாகத்தான் தூக்குகிறோம்.
ராமும் அப்படித்தான்:
ஓர் எண் கேட்டால்
பக்கத்து ஏழையும் சேர்த்து அனுப்பும்.
எட்டு விறகு, ஒரு கட்டு.

பாதி முற்றத்தில் நின்றுவிட்டேன்.
கட்டைக் கொண்டுவந்து
ஒன்றை எரித்துவிட்டு
ஏழைப் பனியில் எறிகிறவள் யார்?
நான்.
மூன்று குளிர்காலமாக.

பனி மேலிருந்து கீழே விழுகிறது,
அதனால் நானும்
மேலிருந்து கீழே எழுதியிருந்தேன்.
நினைவகத்துக்கு மலை தெரியாது.
அதற்கு எல்லாம் ஒரே நீளக் கோடு,
இடமிருந்து வலம், இடமிருந்து வலம்.
நானோ ஒவ்வோர் அடியிலும்
ஒரு வரி முழுவதையும் தாண்டிக் குதித்திருக்கிறேன்.

பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்து
இரண்டு வரிகளை இடம் மாற்றினேன்.
வெளிச்சுற்று உள்ளே, உள்சுற்று வெளியே.
பதினொரு நிமிடம்.
நம்பாமல் மறுபடி ஓட்டினேன்.
பதினொன்று.
தரையெல்லாம் பூட்ஸ் உருகிய தண்ணீர்.

இரவு பத்துக்குள் ஐந்து புயல்கள்.
நான்கு, கொட்டிலுக்கு மேலேயே நின்றன.
ஐந்தாவது உள்ளே போனது.
"மாற்று" என்றேன்.

பதினோரு ஆடுகள் எங்கள் வாசலறைக்கு வந்தன.
அங்கே அடுக்கியிருந்த விறகு
மறுபடி பனிக்குப் போனது.
இடம் கொஞ்சம்தான் என்றால்
உள்ளே வருவது
எதையாவது வெளியே தள்ளித்தான் வரும்.
ஐலிஃபின் தூண்டில்களும் போயின,
நெடுநாள் அவன் தொடாதவை.

விடிந்தும் இருட்டுத்தான்.
மலை அசையவில்லை.
ரன்வெய்க் திட்டிக்கொண்டே ஆடுகளை ஓட்டிப் போனாள்.
ஒன்று விலைத்தாளின் ஓரத்தைத் தின்றிருந்தது,
பதினாறு கோரின் விலையிருந்த ஓரம்.

"இப்போதுதான் வேகம் வந்துவிட்டதே,
புதிது எதற்கு?"
ஐலிஃப் கேட்டது நியாயம்.
சொன்னேன்:
இந்த நொடியின் மலை நாற்பத்தாறு மெகாபைட்,
அடுத்த நொடியின் மலை நாற்பத்தாறு.
இரண்டும் சேர்ந்து தொண்ணூற்றிரண்டு.
ஒரு மலை முழுவதும்
கையெட்டும் தூரத்தில், உள்ளேயே இருக்கும்.
யாரும் முற்றத்துக்குப் போகவேண்டாம்.

அவன் ஜன்னலைப் பார்த்தான்.
"மிச்சம் நாலு மெகாபைட்?"

ஆடுகளுக்கு என்றேன்.